அம்மாவின் வயிற்றில் கை வைத்த நாள்

மலேசியாவின் பத்து பகாட் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தையிடம், நான் மருத்துவச்சி ஆவதற்குப் பட்டப்படிப்பு படிக்கப்போகிறேன் என்று அம்மா சொன்னபோது, அத்தை குடித்துக்கொண்டிருந்த மைலோவைக் கீழே வைத்துவிட்டார்.

“பிடான் வேலைக்கா யுனிவர்சிட்டி போறா?”

மலாயில் மருத்துவச்சியை பிடான் என்பார்கள். எங்கள் பேச்சிலும் அந்தச் சொல்தான். அம்மா சிரித்துவிட்டு, “அவளுக்குப் புடிச்சிருக்கு, படிக்கட்டுமே லா” என்றார். அதற்கு மேல் அம்மா அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. அம்மா எப்போதுமே பேச்சை வளர்க்காதவர். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை. நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வீட்டில் பேசுவது பிடிக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஜொகூர் பாருவில் படிப்பு. பெர்மாஸ் ஜெயாவில் மூன்று பேராகச் சேர்ந்து ஒரு அறை எடுத்திருந்தோம். முதல் வருஷம் முழுக்க பொம்மைகள்தான். ரப்பர் வயிறு, பிளாஸ்டிக் இடுப்பெலும்பு, உச்சந்தலை மெத்தென்று இருக்கும் ஒரு பொம்மைக் குழந்தை. அந்தக் குழந்தையை எத்தனையோ முறை பிறக்கவைத்துவிட்டு, எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்போடுதான் முதல்தடவை பிரசவ வார்டுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் கத்தவே இல்லை. பற்களைக் கடித்துக்கொண்டு, கண்களைத் திறந்தபடி, என்னையே பார்த்துக்கொண்டு பெற்றாள். அந்தப் பார்வையைத் தாங்காமல் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொம்மைக்குப் பார்வை கிடையாது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இதெல்லாம் பழகிவிடும் என்றார்கள். பழகியும் விட்டது. மூன்றாம் வருஷத்தில் நான் ஓரளவு நிதானமானவள் என்று பேர் வாங்கியிருந்தேன். எதற்கும் பதறமாட்டாள் என்று வார்டில் சொல்வார்கள்.

அந்த வருஷம் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் செய்முறைத் தேர்வு வந்தது. கர்ப்பிணியின் வயிற்றில் கையை வைத்து, குழந்தையின் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம், கைகால் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். பிறகு பினார்ட் என்கிற மரக்குழலை வயிற்றில் வைத்து, மறு நுனியில் காதை வைத்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும். எங்கள் விரிவுரையாளர் ஒன்று சொல்லியிருந்தார்: குழந்தை இருக்கிற வயிற்றை மட்டும் தொட்டால் போதாது, இல்லாத வயிற்றையும் தொட்டுப் பாருங்கள், அப்போதுதான் கைக்கு வித்தியாசம் புரியும். அறைத்தோழிகளின் வயிற்றை நான் அமுக்கி அமுக்கிப் பார்த்ததில், அவர்கள் என்னைக் கண்டாலே ஓடினார்கள். தேர்வுக்கு முந்தின விடுமுறையில் மரக்குழலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அம்மா நைட்டியில் இருந்தார். சமையல் முடிந்திருந்தது. அப்பா தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறவர். அவர் வர நேரமாகும். அண்ணன் சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவான்.

“மா, கொஞ்சம் படுங்க. வயித்தத் தொட்டுப் பாக்கணும். பரீட்சைக்கு.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். உடம்பைக் காட்டுவதில் அவருக்கு அவ்வளவு கூச்சம். ஆனால் ஒன்றும் சொல்லாமல் படுக்கையறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் விளையாட்டாக, மலாயில், வார்டில் பேசுகிற குரலில் ஆரம்பித்தேன். “வயசு என்ன மேடம்?”

“பதினெட்டு,” என்றார் அம்மா. இருவரும் சிரித்தோம். அவருக்கு நாற்பத்தைந்து. கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டு நேராக வயிற்றுக்கு வந்தேன். தேர்வில் மதிப்பெண் கைவேலைக்குத்தான்.

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, மார்புக்குக் கீழே இருந்து மெதுவாக அமுக்கிக்கொண்டு வந்தேன். மேலே மெத்தென்று இருந்தது. தொப்புளுக்கு மேலே வந்ததும் கை நின்றது. அங்கே ஒரு விளிம்பு இருந்தது. பந்தின் மேல்பக்கம் மாதிரி, வளைவாக, உறுதியாக.

என் முதல் நினைப்பு கட்டி என்பதுதான். கர்ப்பப்பையில் பெரிய கட்டி. அம்மாவுக்கு மாதவிலக்கு முன்னே பின்னே வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். தொப்பை விழுந்ததையும், நைட்டியைத் தொளதொளவென்று போட ஆரம்பித்ததையும் நான் பார்த்திருந்தேன். புற்றுநோயாக இருந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று மனசு ஓட ஆரம்பித்தது. கை மட்டும் தன் பாட்டுக்குப் பழகின வேலையைச் செய்துகொண்டிருந்தது. இடது பக்கம் நீளமாக, வழவழவென்று. வலது பக்கம் சின்னச் சின்ன முடிச்சுகள். கீழே, இடுப்பெலும்புக்கு மேலே, உருண்டையாக, கெட்டியாக ஒன்று. இரண்டு விரலால் தட்டினால் நகர்ந்துபோய்த் திரும்பி வந்து விரலில் இடித்தது.

தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் நான் உடனே சொல்லியிருப்பேன். ஆனால் அது அம்மாவின் வயிறு. என் மூளை அந்த விடையை ஏற்கவில்லை.

அப்போது வலது கைக்குக் கீழே அது உதைத்தது.

நான் கையை எடுத்துவிட்டேன், சூடுபட்ட மாதிரி. அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு, “காத்துதான். கொஞ்ச நாளா வயித்துல ஒரே காத்து. ஓமத்தண்ணி குடிச்சேன்” என்றார்.

மரக்குழலை எடுத்தேன். வழவழவென்று இருந்த பக்கத்தில் வைத்து, காதை ஒட்டினேன். முதலில் என் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தூரத்தில், கனமான துணிக்கு அடியில் கைக்கடிகாரம் ஓடுகிற மாதிரி, வேகமாக, விடாமல் ஒரு துடிப்பு. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். அவருடைய நாடி நிதானமாக இருந்தது. இது வேறு ஒருவருடையது.

“மா. இது காத்து இல்லமா.”

அம்மா இன்னும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள குழந்தை இருக்கு.”

அவர் நைட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளை மறுபடி கழுவ ஆரம்பித்தார். நான் வாசலில் நின்றேன். கையில் மரக்குழல் இருந்தது. ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றேன்.

“அப்பாகிட்ட நீயே சொல்லிரு,” என்றார், திரும்பாமல். “என்னால முடியாது.”

அப்பா வந்து, குளித்து, டீயோடு உட்கார்ந்தபோது சொன்னேன். வார்டில் எத்தனையோ பேருக்கு நல்லதும் கெட்டதும் சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எப்படி உட்கார வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. ஒன்றும் உதவவில்லை.

“பா, அம்மா மாசமா இருக்காங்க.”

“யாரு அம்மா?”

“நம்ம அம்மா.”

அப்பா டீயைக் குடித்து முடித்தார். கோப்பையை மேசையில் வைத்தார். பஸ் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கேயோ கிளம்பிவிட்டார் என்று நினைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டுக்கு எதிரே நிறுத்தியிருந்த காலி பஸ்ஸில், ஓட்டுநர் இருக்கையில் இல்லை, நடுவில், ஆட்கள் உட்காருகிற இருக்கை ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். முன் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. இருட்டும்வரை வரவில்லை.

வகுப்புக்கு வரமுடியாது என்று தகவல் சொல்லிவிட்டு, வேலை நாளில் அம்மாவை அரசாங்க கிளினிக்குக்கு வீட்டுக் காரில் கூட்டிப்போனேன். பதிவு செய்யும் இடத்தில் இருந்த தாதி என்னைவிடச் சில வயசுதான் மூத்தவளாக இருப்பாள். முக்காடு போட்ட இளம் முகம். என்னைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, என் விரலில் மோதிரம் இருக்கிறதா என்று பார்த்து, குரலைத் தாழ்த்தி மலாயில் சொன்னாள்: “பயப்படாதே தங்கச்சி. அம்மா கூடவே வந்திருக்காங்களே, அது நல்லது.”

“நான் இல்லை. அம்மா,” என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஐயையோ என்கிற மாதிரி “அலமாக்” என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். இரண்டு நாளில் அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது.

அவள் மன்னிப்புக் கேட்டு, கேள்விகளை ஆரம்பித்தாள். அம்மாவின் மலாய் சந்தைக்குப் போதும், இதற்குப் போதாது. அதனால் நான் நடுவில் இருந்து தமிழில் கேட்டு, மலாயில் சொன்னேன். வயசு, வேலை, சக்கரை வியாதி யாருக்காவது உண்டா. எல்லாம் எனக்குத் தெரிந்த பதில்கள். பாதியை அம்மாவைக் கேட்காமல் நானே சொல்லிவிட்டேன்.

“இது எத்தனையாவது கர்ப்பம்?”

“மூணாவது,” என்றேன் மலாயில். அண்ணன், நான், இது.

எண் மட்டும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “இல்ல,” என்றார். “அஞ்சாவது.”

“மா, கர்ப்பம் எத்தனைனு கேக்கறாங்க.”

“அதான் சொல்றேன். அஞ்சு.” அவர் என்னைப் பார்க்காமல் தாதியைப் பார்த்து, தன் உடைந்த மலாயில் நேரடியாகவே சொன்னார். முதலில் பையன். பிறகு ஒரு பொண்ணு, பத்து மாசமும் ஆகி, செத்துப் பிறந்தது. பிறகு இவள். இவளுக்குப் பிறகு ஒன்று, மூணு மாசத்தில் கலைந்துபோனது. இப்போது இது.

தாதி எழுதிக்கொண்டாள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்று ஒன்றும் நினைவில்லை. எத்தனை கர்ப்பம், எத்தனை பிரசவம், எத்தனை உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணிடமும் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். முன்பின் தெரியாத பெண்களிடம் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டில் ஓர் அக்கா இருந்திருக்கிறாள், எனக்கு அது தெரியாது.

ஸ்கேன் எடுத்தார்கள். ஏழாம் மாதம். குழந்தை நன்றாகவே இருந்தது. அம்மாவின் இரத்தத்தில் சர்க்கரைதான் அதிகம். சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார்கள், வேலையைக் குறைக்கச் சொன்னார்கள், அடிக்கடி வரச் சொன்னார்கள்.

திரும்பும்போது என்னால் காரை ஓட்ட முடியவில்லை. சாலையோரத்தில் இளநீர் விற்கிற வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டேன்.

“ஏன்மா சொல்லவே இல்ல?”

“என்னன்னு சொல்ல? பொறந்த பிள்ளையா, பேர் வெச்சமா?” அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். “ஒரு நாள் முழுக்க அசையல. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலி வரவெச்சு எடுத்தாங்க. பச்சைத் துணியில சுத்தி, அப்படியே கொண்டுபோயிட்டாங்க. பாக்காதீங்க, பாத்தா மறக்க முடியாதுன்னு ஒரு நர்ஸ் சொன்னாங்க. நல்லதுக்குத்தான் சொன்னாங்க. அப்பாவும் அவர் கூட்டாளியும் வாங்கிட்டுப்போய் பொதைச்சிட்டு வந்துட்டாங்க. நான் மூஞ்சியக்கூட பாக்கல.”

இரண்டாம் வருஷத்தில் எங்களுக்கு அந்தப் பாடம் உண்டு. இறந்து பிறந்த குழந்தையைப் பார்க்க வேண்டுமா, கையில் வைத்திருக்க வேண்டுமா என்று தாயிடம் கேட்க வேண்டும். முன்பெல்லாம் காட்டமாட்டார்கள், அது தவறு என்று இப்போது தெரியும் என்று படித்திருக்கிறோம். தேர்வில் அந்தக் கேள்விக்கு நான் நன்றாக எழுதி, முழு மதிப்பெண் வாங்கினேன். அதை அம்மாவிடம் போனில் சந்தோஷமாகச் சொல்லியும் இருக்கிறேன். எந்தக் கேள்விக்கு என்றும் சொன்னேன். “அப்படியா, நல்லது” என்றார். அவ்வளவுதான்.

எனக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. “இதுவும் உங்களுக்கு நெசமாவே தெரியாதா? காத்துன்னுதான் நெனச்சீங்களா?”

அம்மா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“நாலு பிள்ளை சொமந்தவளுக்கு அசைவு தெரியாதா? தெரியும். ஆனா தெரிஞ்சுக்க பயமா இருந்துச்சு. தெரிஞ்சுட்டா, அப்புறம் அசையாமப் போச்சுன்னா?” என்றார். பிறகு, “நீ படுக்கச் சொன்னியே, அன்னைக்கு நெனச்சேன். நீ தொட்டா தெரிஞ்சிரும், நீயே சொல்லட்டும்னு. அதான் படுத்தேன்.”

நான் கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் கைக்குக் கீழே வந்து படுத்திருக்கிறார்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் வந்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மூவாரில் பெண். மண்டபம், மேளம், பத்திரிகை எல்லாம் ஏற்பாடாகிவிட்டது, கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. நான் சொன்னதும் முதலில் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். பிறகு அம்மாவின் வயிற்றைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

“எல்லாரும் சிரிப்பாங்க பா,” என்றான், அம்மாவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து. “நான் மாப்பிள்ளையா ஒக்காந்திருக்கேன், பக்கத்துல எங்க அம்மா மாசமா நிக்கணுமா?”

அம்மா உள்ளே போய்விட்டார். எனக்கு அண்ணனை அடிக்க வேண்டும்போல இருந்தது. அதே நேரத்தில் அவன் சொன்னதுபோலத்தான் எல்லாரும் சிரிப்பார்கள் என்றும் தெரிந்தது. நாங்கள் இருவரும் அப்பாவைப் பார்த்தோம். பஸ்ஸில் போய் உட்கார்ந்த அன்றிலிருந்து அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“நிக்க வேணாம்,” என்றார் அப்பா. “நாற்காலி போட்டுக்கலாம்.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெண் வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் ஓடியது. கடைசியில் சொல்லாமலே தெரிந்துவிட்டது. பெண்ணின் அம்மா சேலை விஷயமாக மூவாரில் இருந்து ஒருநாள் திடீரென்று வந்து நின்றார். கை நிறையப் பலகாரப் பெட்டிகள். கதவைத் திறந்தது அம்மா. நானும் அன்று வீட்டில் இருந்தேன். கல்யாணம் நின்றுபோச்சு என்றே முடிவு செய்துவிட்டேன்.

அந்த அம்மாள் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். “எத்தனை மாசம் சம்பந்தி?” என்றார்.

“எட்டு நடக்குது.”

“சக்கரை இருக்கா?”

“இருக்கு.”

“ஐயோ, முன்னாடியே சொல்லியிருந்தா லட்டு, ஜாங்கிரி எல்லாம் வாங்கிட்டு வந்திருக்க மாட்டேனே,” என்று சொல்லிவிட்டு, இரண்டு பெட்டியை என் கையில் கொடுத்து, மீதியைத் திரும்பக் காரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்து சேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாள் அதைப் பார்க்காத மாதிரி சேலையின் கரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தில் சிரித்தவர்கள் சிரித்தார்கள். சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் இருவர் பேசியது எனக்குக் கேட்டது. இங்கே எழுத மாட்டேன். மேடையில் அம்மா பட்டுச்சேலை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டி முடிந்து அண்ணனும் அண்ணியும் காலில் விழுந்தார்கள். அண்ணன் எழவில்லை. அம்மா தோளைத் தொட்டுத் தூக்கிவிடுவார் என்று குனிந்தபடியே காத்திருந்தான்.

“நீயே எந்திரிடா,” என்றார் அம்மா. “என்னால குனிய முடியாது.”

மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனும். நிமிர்ந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. அன்று மீதி நேரம் யாராவது அம்மா பக்கத்தில் கூட்டமாக வந்தால் அவனே போய் விலக்கிவிட்டான்.

சர்க்கரை அதிகமாக இருந்ததால் நாளுக்குக் கொஞ்சம் முன்பே வலி வரவழைக்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பயிற்சி செய்கிற ஆஸ்பத்திரி இல்லை. அங்கே நான் நோயாளியின் மகள் மட்டும்தான். பிரசவ அறைக்குள் ஒருவர்தான் கூட இருக்கலாம்.

“நீ போ,” என்றார் அப்பா. “உனக்குத்தான் எல்லாம் தெரியும்.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. காலையிலிருந்து நான் நன்றாகவே நடந்துகொண்டேன். முதுகைத் தேய்த்தேன், தண்ணீர் கொடுத்தேன், மெஷினில் ஓடுகிற குழந்தையின் துடிப்பைப் பார்த்து மனசுக்குள் சரி சரி என்று சொல்லிக்கொண்டேன். மதியம் எல்லாம் வேகமாக நடந்தது. அம்மா கத்தவில்லை. நான் முதன்முதலில் பார்த்த பெண்ணைப்போல கண்ணைத் திறந்துகொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றார்.

குழந்தை வந்தது. நீலமாக இருந்தது. கைகால் தொங்கியது. சத்தம் இல்லை.

தாதி தொப்புள்கொடியைக் கத்தரித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூலையில் இருந்த சூடான மேசைக்கு ஓடினாள். இன்னொருத்தி கூட ஓடினாள். அடுத்து என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். துடைக்க வேண்டும், முதுகைத் தேய்க்க வேண்டும், தலையை நேராக வைக்க வேண்டும், மூச்சு வராவிட்டால் முகமூடி வைத்துக் காற்றைக் கொடுக்க வேண்டும். இதில் பெரும்பாலான குழந்தைகள் அழுதுவிடும் என்றும் தெரியும். ஆனால் அதை அம்மாவிடம் சொல்ல என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. எதற்கும் பதறாதவள் என்று பேர் வாங்கியவள் மரம் மாதிரி நின்றேன்.

“ஏன் சத்தமே இல்ல?” என்றார் அம்மா.

நான் மூலையில் இருந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏய், ஏன் அழல?” அவருடைய நகம் என் கையில் இறங்கியது. “மூஞ்சியக் காட்டச் சொல்லு. எப்படி இருந்தாலும் காட்டச் சொல்லு. கொண்டுபோக விடாத. சொல்லுடி!”

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. மலாயில் கத்தினேன். வார்டில் நான் அப்படிக் கத்தினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். “முகத்தைக் காட்டுங்கள்! அம்மாவுக்கு முகத்தைப் பார்க்க வேண்டும்!”

முகமூடியைக் குழந்தையின் வாயில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்த தாதி திரும்பாமலே, “ஒரு நிமிஷம் அக்கா, ஒரு நிமிஷம், எங்கேயும் கொண்டுபோகவில்லை, இங்கேதான் இருக்கிறது” என்றாள். சொல்லிக்கொண்டே, தன் உடம்பால் மறைத்திருந்த மேசைக்குப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டாள். கை வேலையை விடவில்லை. ஆனால் இப்போது அம்மா படுத்திருந்த இடத்திலிருந்து குழந்தையின் தலை தெரிந்தது.

முதலில் ஒரு தும்மல் மாதிரி வந்தது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒன்று. பிறகு அழுதான்.

துடைத்து, துணியில் சுற்றி, மார்பில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆணா பெண்ணா என்று அம்மா கேட்கவில்லை. துணியை விலக்கி முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். தாதிதான் கடைசியில், “பையன்” என்றாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு பாக்கெட் மைலோவை ஸ்ட்ரா போட்டு என் கையில் கொடுத்தார்கள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்கு முன்னால் அப்பாவும் நானும் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தோம். வெயில் கொளுத்தியது. அப்பா புதுச்சட்டை போட்டிருந்தார். நான் பிரசவ அறையில் நடந்ததை எல்லாம் அப்போதுதான் முழுதாகச் சொன்னேன். முகத்தைக் காட்டச் சொல்லு என்று அம்மா கத்தியதையும் சொன்னேன்.

அப்பா காரின் மேல் கையை ஊன்றி நின்றார். சூடு சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

“நான் பாத்தேன்,” என்றார்.

“யார?”

“அந்தப் பொண்ண. குழிக்குள்ள எறக்கறதுக்கு முன்னாடி துணிய வெலக்கிப் பாத்தேன். கூட்டாளி வேணாம்னான். நான் பாத்தேன்.”

அம்மாவும் அப்பாவும் இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

“அம்மாகிட்ட சொன்னீங்களா?”

“அவ கேக்கல. கேக்காதத எப்படிச் சொல்றது? மறந்துட்டான்னு நெனச்சேன்.”

“இப்ப போய்ச் சொல்லுங்க பா.”

அவர் என்னைப் பார்த்தார். சின்னப் பையன் மாதிரி, “இப்பவா?” என்றார்.

வார்டில் அம்மாவின் கட்டில் ஓரத்தில் இருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு வெளியே நின்றுகொண்டேன். அப்பாவின் குரல் முணுமுணுப்பாகக் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. பிறகு நின்றுவிட்டது. உள்ளே போகலாமா என்று நினைத்தேன்.

அப்போது அம்மா கேட்டார். அது தெளிவாகக் கேட்டது.

“முடி இருந்துச்சா?”

“இருந்துச்சு,” என்றார் அப்பா. “நெறைய.”

இரத்த அழுத்தம் பார்க்க ஒரு மூத்த தாதி தள்ளுவண்டியோடு வந்தார். நெஞ்சில் பேட்ஜ், தோளில் பட்டை, அந்த வார்டுக்கே பெரியவர். திரையை விலக்கக் கையை வைத்தார். நான் குறுக்கே நின்று, கொஞ்ச நேரம் கழித்து வரமுடியுமா என்று மலாயில் கேட்டேன். ஒரு மாணவி அப்படிக் கேட்கவே கூடாது. ஆனால் நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

அவர் திரைக்குக் கீழே தெரிந்த அப்பாவின் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டியை அடுத்த கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.